மலைப்பாதையில் கரடி: எல்லோரும் எங்களைக் கேட்கும் கேள்விகள்

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ராயக்கோட்டைக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் இடையில் உள்ள ஒரு குன்றின் மேல் இருக்கும் பெருமாள் கோயிலுக்குக் குடும்பத்தோடு ஏறினோம். பாதி வழியில் இரண்டு குட்டிகளோடு ஒரு தாய்க் கரடி எதிரே நின்றது. யாருக்கும் கீறல்கூட விழவில்லை. ஆனால் அன்றிலிருந்து கல்யாண வீடு, பால் பூத், பள்ளிக்கூட வாசல் என்று எங்கே போனாலும் இதே பேச்சுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால், கேட்ட கேள்விகளையும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், என்னதான் நடந்தது?

நாங்கள் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், பதினொரு வயது மகள், ஏழு வயது மகன், அறுபத்தெட்டு வயது மாமனார். வெயில் ஏறுவதற்குள் போய்விட்டு வரலாம் என்று காலை ஐந்தே முக்காலுக்கே அடிவாரத்தை விட்டுக் கிளம்பினோம். முதலில் படிக்கட்டு, அப்புறம் பாறை மேல் சுண்ணாம்பு அடித்த அடையாளம், அதன் பிறகு இருபுறமும் உண்ணிச்செடி மண்டிய ஒற்றையடிப் பாதை.

ஒரு பெரிய உருண்டைப் பாறையைச் சுற்றித் திரும்பினோம். இருபது, இருபத்தைந்து அடி தள்ளி ஒரு புற்று. அதற்குள் தலையை விட்டுக்கொண்டு கருப்பாக ஏதோ. பக்கத்தில் சின்னதாக இரண்டு. என் மகன்தான் முதலில் பார்த்தான். "அம்மா, ஆட்டுக்குட்டி!" என்றான். அந்தக் குரலுக்குத்தான் அது நிமிர்ந்தது. மூக்கு முழுக்க செம்மண், மார்பில் வெள்ளையாக ஒரு வளைவு. பின்னங்காலில் எழுந்து நின்று உஸ் உஸ் என்று மூச்சு விட்டது. குட்டிகள் இரண்டும் அம்மாவின் காலடிக்கு ஓடின.

மாமா பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தார். வழக்கமாக ஊருக்கே கேட்கும்படி பேசுகிறவர், அன்று திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற குரலில், "யாரும் ஓட வேணாம். அப்படியே பின்னாடி வாங்க. சின்னவனைத் தூக்கிக்க" என்றார். கரடியைப் பார்த்தும் அதே குரலில், "போ சாமி, நாங்க போறோம், நீயும் போ" என்றார். நாங்கள் முதுகைக் காட்டாமல் ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கினோம். அது இறங்கி எங்களை நோக்கி நாலைந்து எட்டு பாய்ந்தது. எனக்குக் கால் மரத்துவிட்டது. பாதியிலேயே நின்று, திரும்பி, குட்டிகள் முதுகில் தொற்றிக்கொள்ளும்வரை காத்திருந்து, சரிவில் செடிகளை முறித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டது. எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட இருக்காது.

நம்ம பக்கம் கரடி இருக்கிறதா? யானைதானே கேள்விப்பட்டிருக்கிறோம்?

இருக்கிறது, எப்போதும் இருந்திருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பார்த்தால் தெரியும்: கல்லைக் கொண்டு வந்து கொட்டிய மாதிரி குன்றுகள், பாறை இடுக்குகள், குகைகள், அதைச் சுற்றி முள்காடு, புற்று, இலந்தை, நாவல், சரக்கொன்றை. கரடிக்கு இதைவிட நல்ல வீடு வேண்டாம். மேலகிரி மலைத்தொடரில் 2014இல் அறிவித்த காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் சுமார் 504 சதுர கிலோமீட்டர். அதற்குத் தெற்கே 2022இல் அறிவித்த காவிரி தெற்கு சரணாலயம் சுமார் 686 சதுர கிலோமீட்டர். யானை பெரிதாக இருப்பதால் செய்தியில் வருகிறது. கரடி விடியற்காலையிலும் அந்திக்குப் பிறகும் நடமாடிவிட்டுப் பகலில் பாறை நிழலில் படுத்துவிடும். அதனால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

சங்கப் பாடல்களில் இதற்குப் பெயர் எண்கு. அது புற்றைத் தோண்டுவதையும் இருப்பை எனும் இலுப்பைப் பூவைத் தின்பதையும் அப்போதே பார்த்துப் பாடியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா "எலுகுபண்டியா!" என்று வாயில் கை வைத்தார். எண்கு, எலுகு. காதில் வைத்துப் பார்த்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரிதான் இருக்கிறது.

எந்தக் குன்று என்று சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு பைக் அங்கே நிற்கும்.

கரடி மனுஷனைத் தின்னுமா?

தின்னாது. அதன் சாப்பாடு கரையான், எறும்பு, தேன், பழம். மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டு அதற்குக் கிடையாது. அந்த இடைவெளி வழியாக உதட்டைக் குழாய் போலக் குவித்துப் புற்றுக்குள் ஊதி, மண்ணைத் தள்ளி, கரையானை உறிஞ்சும். அப்படி உறிஞ்சும் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அன்று அந்தச் சத்தத்தை நாங்கள் கேட்டோம். கீழே யாரோ வயலுக்கு மோட்டார் போட்டிருக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

தின்னாத மிருகம் ஏன் பாய வேண்டும்?

பயத்தில்தான். கரடிக்குக் கண் மங்கல், காதும் அவ்வளவு கூர்மை கிடையாது. மூக்கு மட்டும் அபாரம். அன்று காற்று அதன் பக்கமிருந்து எங்கள் பக்கம் வீசியது. அதனால் எங்கள் வாடை அதற்குப் போகவில்லை. தலை புற்றுக்குள் இருந்தது, தான் போடும் சத்தமே அதன் காதை அடைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தால் இருபதடியில் நாலைந்து உருவங்கள், பக்கத்தில் தன் பிள்ளைகள். புலியும் சிறுத்தையும் இருந்த காட்டில் வளர்ந்த இனம் அது. மரமேறித் தப்பிக்கிற வழக்கம் அதற்குக் குறைவு. முன்னேறி மிரட்டுவதுதான் அதன் பழக்கம்.

எங்களிடம் அது காட்டியது பாதி மிரட்டல். இன்னும் பத்தடி நெருங்கிய பிறகு பார்த்திருந்தால் மிரட்டலோடு நின்றிருக்காது. நம் மாவட்டங்களில் விறகுக்கும் ஆடு மேய்க்கவும் போய் முகத்தில் அடிபட்டவர்கள் கதை பெரும்பாலும் இதுவேதான்: குனிந்து வேலை பார்க்கிற மனிதர், குனிந்து புற்று தோண்டுகிற கரடி, நடுவில் ஒரு புதர்.

உங்கள் மேல் தப்பு எதுவும் இல்லையே?

இதற்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். முழுக்க எங்கள் தப்புதான்.

நேரம் முதல் தப்பு. கரடி வீடு திரும்பும் நேரத்தில் அதன் வாசல் வழியே நடந்தோம். காலை எட்டு மணிக்கு மேல், சாயங்காலம் நாலு மணிக்குள் என்று வைத்திருந்தால் சந்திப்பு நடந்திருக்க வாய்ப்பு மிகவும் குறைவு. வெயிலுக்குப் பயந்தோம், வேறொன்றும் இல்லை.

இரண்டாவதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. குழந்தைகள் இருவரும் படிக்கட்டு முழுக்கக் கத்திக்கொண்டே வந்தார்கள். உண்ணிச்செடி ஆரம்பித்த இடத்தில் நான்தான் "சத்தம் போடாம வாங்க, மயில் பார்க்கலாம்" என்றேன். நல்ல அம்மா என்ற நினைப்பு. அவர்கள் கத்திக்கொண்டே வந்திருந்தால் நாங்கள் பாறையைத் திரும்புவதற்கு ரொம்ப முன்னாலேயே அது இறங்கிப் போயிருக்கும். எங்களில் சத்தம் போட்டுக்கொண்டு வந்தது மாமாவின் கைத்தடி ஒன்றுதான். பாறைக்குப் பாறை டொக் டொக் என்று தட்டிக்கொண்டே வந்தார். அவரையும் வயசானவர் மெதுவாக வரட்டும் என்று கடைசியில் விட்டுவிட்டோம்.

போதாததற்கு, வழியில் அறிகுறிகள் இருந்தன. இரண்டு இடத்தில் புற்று புதிதாகக் கிளறிக் கிடந்தது, ஈரம் காயாத சிவப்பு மண். ஓரிடத்தில் இலந்தைக் கொட்டை கலந்த சாணம். இறங்கி வரும்போதுதான் மாமா காட்டினார்.

ஓடியிருந்தால்? மரம் ஏறியிருந்தால்? கதையில் வருகிற மாதிரி செத்தவன் போலப் படுத்திருந்தால்?

மூன்றையும் தினமும் யாராவது கேட்கிறார்கள், ஆகவே ஒன்றாகச் சொல்கிறேன். கரடியின் நடையைப் பார்த்தால் சோம்பேறி மாதிரி இருக்கும், ஓடினால் நம்மை எளிதாகப் பிடித்துவிடும். "சரிவில் ஓடு, முடி கண்ணை மறைக்கும், அதால் இறங்க முடியாது" என்று ஊரில் சொல்வார்கள். அன்று அது சரிவில் இறங்கிய வேகத்தை நான் கண்ணால் பார்த்தேன். தேனுக்காக மரம் ஏறுகிற மிருகத்திடம் மரம் ஏறித் தப்பிப்பதும் வீண்.

இரண்டு நண்பர்கள் கதை நம் எல்லோருக்கும் பள்ளியில் சொல்லிக் கொடுத்தது. மூச்சடக்கிப் படுத்தவனை முகர்ந்து பார்த்துவிட்டுக் கரடி போய்விடும். நிஜத்தில், கரடி தூரத்தில் இருக்கும்போதே மல்லாந்து படுப்பது, அது குறி வைக்கிற முகத்தை நாமே நீட்டிக் கொடுப்பது மாதிரி. செய்ய வேண்டியது சாதாரணமானது. நில்லுங்கள். ஒன்றாகச் சேருங்கள். குழந்தைகளைத் தூக்குங்கள், அல்லது நடுவில் விடுங்கள். அமைதியாகப் பேசிக்கொண்டே பின்வாங்குங்கள். கரடிக்குப் போக ஒரு வழி இருக்க வேண்டும், அதற்கும் குட்டிக்கும் நடுவில் நாம் இருக்கக் கூடாது. எங்களுக்கு அதிர்ஷ்டம், குட்டிகள் அம்மாவின் பக்கமே இருந்தன.

அதையும் மீறி மேலே விழுந்துவிட்டால்?

அப்போதுதான் கீழே படுக்க வேண்டும், அதுவும் குப்புற. முகம் மண்ணைப் பார்க்க, முழங்காலை வயிற்றோடு மடக்கி, விரல்களைக் கோத்துப் பின்கழுத்தை மூடிக்கொண்டு. முதுகுப் பை இருந்தால் கழற்ற வேண்டாம். அதன் நகம் புற்றையே பிளப்பது. தலை, முகம், கை, இந்த மூன்றில்தான் காயம் அதிகமாக விழும். கூட இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து கத்தி, கம்பால் தரையைத் தட்டினால் பெரும்பாலும் விட்டுவிட்டு ஓடும். அது நீங்கிப் போனது உறுதியாகும்வரை எழுந்திருக்க வேண்டாம்.

காயம் பட்டால் எங்கே போவது?

108ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். சின்னக் கீறலாக இருந்தாலும் சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் அதில் படக் கூடாது. நாய்க்கடிக்குப் போடும் அதே வெறிநோய்த் தடுப்பூசியும், ஆழமான காயமாக இருந்தால் அதைச் சுற்றிப் போடும் எதிர்ப்பு மருந்தும் இதற்கும் தேவை. டெட்டனஸ் ஊசியும்தான். "கரடிக்கு ஏது வெறி?" என்று ஒருவர் என்னிடம் வாதம் செய்தார். பாலூட்டிகள் எதற்கும் வரலாம். அரசு மருத்துவமனையில் இந்த ஊசிக்குப் பணம் கிடையாது. வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, மருத்துவச் சான்றைப் பத்திரமாக வைத்திருங்கள். வனவிலங்கு தாக்கினால் அரசு நிவாரணம் உண்டு.

ஏன் ஒரு போட்டோகூட எடுக்கவில்லை?

என் நாத்தனார் மகன் கேட்டது. கேட்டதோடு நிற்கவில்லை, போட்டோ இல்லாததால் நம்பவும் இல்லை. தம்பி, என் ஒரு கையில் உன் மாமா பையன், இன்னொரு கையில் அவன் அக்கா. மூன்றாவது கை இருந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். ஒரு படத்துக்காக நின்ற நேரத்தில்தான் பல பேருக்கு அடிபட்டிருக்கிறது.

தூக்குவாளி என்ன ஆச்சு?

பின்வாங்கும்போது புளியோதரை இருந்த தூக்கும் என் ஒரு செருப்பும் அங்கேயே விழுந்துவிட்டன. கீழே வந்ததும் வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரிடம் சொன்னோம். கரடியைப் பற்றிக் கேட்டதைவிடத் தூக்கைப் பற்றித்தான் அவர் அதிகம் கேட்டார். சோற்று வாசனை ஒரு தடவை பிடித்துவிட்டால் மறுபடி மறுபடி பாதைக்கு வரும், கோயிலுக்கு வருகிறவர்கள் பையைப் பார்த்ததும் கிட்டே வரும் என்றார். வெயில் ஏறிய பிறகு இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போய் எடுத்து வந்தார். மூடி திறக்கவில்லை. செருப்பு இன்றுவரை கிடைக்கவில்லை.

நாயைக் கூட்டிப் போனால் பாதுகாப்பு இல்லையா?

ஆபத்துதான் கூடும். நாய் குரைத்துக்கொண்டு முன்னால் ஓடும், கரடி துரத்தியதும் வாலைச் சுருட்டிக்கொண்டு நம் காலடிக்கே திரும்பி வரும். பின்னால் யார் வருவார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதே இடத்தில் யானையாக இருந்திருந்தால்?

நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேனோ என்னவோ. யானை விஷயத்தில் சந்தித்த பிறகு என்ன செய்வது என்பதைவிடச் சந்திக்காமல் இருப்பதைத்தான் யோசிக்க வேண்டும். ராகி முற்றும் ஐப்பசி, கார்த்திகையில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாகக் கூட்டம் கூட்டமாக வரும். தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று தை மாதம்வரை சுற்றும். அந்த மாதங்களில் வனத்துறை மைக் வைத்து எச்சரிப்பதை "வருஷா வருஷம் சொல்றதுதானே" என்று தள்ளிவிடாதீர்கள். தருமபுரிப் பக்கம் கோடையில் பென்னாகரம், ஒகேனக்கல் சாலையைத் தாண்டிக் காவிரிக்குத் தண்ணீர் குடிக்க இறங்கும். பைக்கில் போகிறவர்கள் தூரத்திலேயே நின்று, அது கடந்து போகும்வரை காத்திருக்க வேண்டும். ஹார்ன் அடிக்கக் கூடாது.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி பக்கத்தில் பயிருக்குப் போட்ட திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் செத்துக் கிடந்தன. இரண்டு குட்டிகள் அவற்றையே சுற்றிச் சுற்றி வந்தன. யார் யாரைக் கண்டு பயப்பட வேண்டும் என்று எனக்கு இன்னும் குழப்பம்தான்.

சிறுத்தை?

ஓடாதீர்கள், குனியாதீர்கள், சின்னக் குழந்தையைத் தோளுக்குத் தூக்கிவிடுங்கள். பெரும்பாலும் நீங்கள் பார்ப்பதற்கு முன்னால் அது உங்களைப் பார்த்துப் போயிருக்கும்.

மலை ஏற அனுமதி வாங்க வேண்டுமா?

நாங்கள் போனது ஊர்க்காரர்கள் காலங்காலமாக ஏறும் கோயில் பாதை. காப்புக்காடு என்றால் கதை வேறு. அனுமதி இல்லாமல் நுழைந்தால் 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை "ட்ரெக் தமிழ்நாடு" என்று 40 பாதைகளைத் திறந்தது. ஆன்லைனில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். குழந்தைகளோடு காடு பார்க்க ஆசை என்றால் அதுதான் வழி. யூடியூபைப் பார்த்து "ரகசிய அருவி" தேடிப் போகாதீர்கள்.

கரடியைப் பிடித்து வேறு காட்டில் விடச் சொல்லவில்லையா?

ஊரில் இரண்டு பேர் மனு எழுதவே தயாராக இருந்தார்கள். அது அங்கே இருந்தது, நாங்கள்தான் இருட்டில் போனோம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு அது. ஊருக்குள் வந்து தொந்தரவு செய்தால் வனத்துறை பார்த்துக்கொள்ளும். குட்டிகளை முதுகில் சுமந்துகொண்டு தன் புற்றைத் தோண்டுகிற தாயைக் கூண்டில் ஏற்ற நான் கையெழுத்துப் போடவில்லை.

கவலைப்பட வேண்டியது மாந்தோப்புக்காரர்கள். மாம்பழம் பழுத்து உதிரும்போது அந்த வாசனைக்குக் குன்றை ஒட்டிய தோப்புகளுக்கு இறங்கும். இரவுக் காவலுக்குப் போகிறவர்கள் டார்ச் இல்லாமல் போகாதீர்கள், உதிர்ந்த பழத்தை அன்றன்றே பொறுக்கிவிடுங்கள்.

குழந்தைகள் பயந்துவிட்டார்களா?

மகள் இரண்டு இரவு என்னோடு படுத்தாள். மகனுக்கு பயமே இல்லை. குட்டிகள் எப்படி வழுக்காமல் உட்காருகின்றன என்பதுதான் அவன் கேள்வி. முதுகு முடி நீளமாகச் சடையாக இருக்கும், அதைப் பிடித்துக்கொள்ளும், ஆறு மாதத்துக்கு மேல் அப்படியே சவாரிதான் என்று சொன்னேன். உடனே அவன் அப்பாவின் முதுகைப் போய்ப் பார்த்தான்.

மறுபடியும் போனீர்களா?

பங்குனி உத்திரத்துக்குப் போனோம், ஒன்பது மணிக்கு மேல். இந்தத் தடவை மாமா முன்னால் நடந்தார். பையன் தாத்தாவிடம் கேட்டு வாங்கிய ஆட்டு மணியைப் பையில் கட்டிக்கொண்டான். மகள் வழி முழுக்கப் பதினாறாம் வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டே வந்தாள், பதினாறேழு நூற்றுப் பன்னிரண்டில் ஒவ்வொரு முறையும் தடுக்கினாள். அந்தப் பாறையைத் திரும்பியபோது எல்லோரும் தானாகவே நின்றோம். புற்று அங்கேயே இருந்தது. கிளறிய பள்ளத்தைக் கரையான்கள் புது மண் வைத்து பாதிக்குமேல் அடைத்திருந்தன. மாமா தடியால் பாறையை இரண்டு தட்டு தட்டிவிட்டு, "சாமி, நாங்கதான்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார்.